வி.பி.என் போட்டா நான் என்ன பாக்குறேன்னு அரசாங்கத்துக்குத் தெரியாதா?

ஒரு தம்பி முக்கியமா கேட்டது மூணு விஷயம். இன்காக்னிட்டோல (பிரவுசர்ல ஹிஸ்டரி சேக்காத மோடு) பாத்தா எங்கயும் ரெக்கார்ட் ஆகாதுல்ல, வி.பி.என் (நம்ம நெட் போக்குவரத்தைப் பூட்டி வேற ஒரு கம்பெனி சர்வர் வழியா அனுப்புற ஆப்) போட்டா அரசாங்கத்தால எதுவும் பாக்க முடியாதுல்ல, அப்புறம் வி.பி.என் கம்பெனிங்களே 5 வருஷம் டேட்டா வெச்சிருக்கணும்னு இந்தியால ரூல் வந்துச்சே, அப்ப காசு குடுத்து வி.பி.என் வாங்கி என்னத்துக்கு.

முதல் கேள்விய சீக்கிரம் முடிச்சிடுவோம். இன்காக்னிட்டோ உங்க போனை வாங்கிப் பாக்குற தங்கச்சிக்கும் பொண்டாட்டிக்கும் தான் மறைக்கும், நெட் குடுக்குற கம்பெனிக்கு நீங்க இன்காக்னிட்டோல இருக்கீங்கன்னே தெரியாது, எப்பவும் போல லாக், அதாவது பதிவு, விழும். கூகுளே அமெரிக்கால இதுக்கு கேஸ் வாங்கி, இன்காக்னிட்டோல சேத்து வெச்ச கோடிக்கணக்கான ரெக்கார்டை அழிக்கிறோம்னு 2024ல செட்டில்மென்ட்ல ஒத்துக்கிச்சு. அவ்ளோதான் அதுக்கு மதிப்பு.

மத்த ரெண்டும் கொஞ்சம் பெருசு. நான் பல வருஷமா ஒரு சின்ன பிராட்பேண்ட் ஆபரேட்டர்கிட்ட நெட்வொர்க் பாத்தவன், அதனால மறைக்கிறது எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் உக்காந்து பாத்தா என்ன தெரியுதுன்னு சொல்லிடுறேன், அது தெரியாம ஆப் மேல ஆப் இன்ஸ்டால் பண்றது வேஸ்ட்.

நெட் கம்பெனி சேத்து வெக்கிறதுக்குப் பேரு ஐ.பி.டி.ஆர். கால் ரெக்கார்டுக்கு சி.டி.ஆர் மாதிரி, நெட் யூஸுக்கு இது. ஒரு வரில என்ன இருக்கும்னா, உங்க நம்பர் இல்லன்னா பிராட்பேண்ட் யூசர் ஐடி, உள்ள குடுத்த ஐ.பி (நெட்ல உங்க கனெக்ஷனோட அட்ரஸ் நம்பர்), வெளில தெரியற ஐ.பி, போர்ட் நம்பர், நீங்க போய்ச் சேந்த இடத்தோட ஐ.பி, ஆரம்பிச்ச நேரம், முடிஞ்ச நேரம், எவ்ளோ டேட்டா போச்சுன்னு, மொபைலா இருந்தா எந்த டவர், எந்த ஹேண்ட்செட்னு ஐ.எம்.இ.ஐ வரைக்கும். ஒரு சாதாரண நியூஸ் சைட்டைத் திறந்தாலே விளம்பரம், போட்டோ, வீடியோன்னு தனித்தனியா கனெக்ஷன் போகும், அதனால ஒரு லைன் இல்ல, ஒரு கிளிக்குக்கு ஒரு கொத்தா லைன் விழும். சின்ன ஆபரேட்டருக்கு இந்த லாக்கை வெக்கிறதுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கியே கை கடிக்கும்.

இந்த போர்ட் நம்பர் ஏன் முக்கியம்னா, நம்ம ஊர்ல ஐ.பி.வி4ங்கற பழைய வகை ஐ.பி அட்ரஸ் பத்தாது, ஒரே வெளி ஐ.பிய நூத்துக்கணக்கான வீடு ஷேர் பண்ணிக்கும், எந்த வீடுன்னு பிரிச்சுக் காட்டுறது போர்ட் நம்பர் தான். போலீஸ்கிட்ட இருந்து லெட்டர் வரும், இந்த ஐ.பி, இந்த தேதி, இந்த நேரம், யாரு இதுன்னு. போர்ட் இல்லாம வந்தா அந்த நேரத்துல அந்த ஐ.பில இருந்த அத்தனை பேரும் லிஸ்ட்ல வருவாங்க. அதைவிட வில்லங்கம் நேரம். வெளிநாட்டுக் கம்பெனி லாக்ல நேரம் ஜி.எம்.டில இருக்கும், அதை அப்படியே காப்பி பண்ணி லெட்டர்ல போட்டுட்டா அஞ்சரை மணி நேரம் தள்ளிப் போயிடும், அந்த நேரத்துல அதே ஐ.பி வேற யார் வீட்டுலயோ இருந்திருக்கும். 2022ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுல எல்லாரும் அவங்க சிஸ்டம் கடிகாரத்தை அரசாங்க டைம் சர்வரோட ஒத்து வெக்கணும்னு ஒரு பாயின்ட் இருக்கு, எல்லாரும் வி.பி.என்னைப் பத்தியே பேசினதுல அதை யாரும் கவனிக்கல, என்னைக் கேட்டா அந்த உத்தரவுலயே உருப்படியான பாயின்ட் அது ஒண்ணுதான்.

சரி எவ்ளோ நாள் வெக்கணும்? முன்னாடி ஒரு வருஷம். 2021 டிசம்பர்ல தொலைத்தொடர்புத் துறை லைசன்ஸ் கண்டிஷனை மாத்தி ரெண்டு வருஷம் ஆக்கிட்டாங்க. கவனிங்க, பார்லிமென்ட்ல விவாதம் பண்ணி ஓட்டுப் போட்டு வந்த சட்டம் இல்ல இது, லைசன்ஸ்ல ஒரு திருத்தம். உங்க போனை நேரடியா ஒட்டுக் கேக்கணும்னா உள்துறைச் செயலாளர் லெவல்ல கையெழுத்து வேணும், ஆனா ஏற்கெனவே சேத்து வெச்சிருக்கிற ரெக்கார்டை எடுக்கிறதுக்கு அவ்ளோ மெனக்கெட வேண்டாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சி.ஆர்.பி.சில பிரிவு 91, இப்ப அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்ல பிரிவு 94, எழுத்துல ஒரு ஆர்டர் வந்தா கம்பெனி குடுத்துத்தான் ஆகணும். 2017 ஆகஸ்ட்ல புட்டசாமி வழக்குல 9 நீதிபதிங்க சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க, நல்ல தீர்ப்பு, ஆனா இந்த ரெண்டு வருஷ லாக்கை அது ஒண்ணும் பண்ணல. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டத்துலயும் அரசாங்கம் தனக்கு வேண்டிய ஏஜென்சிகளுக்கு விலக்கு குடுத்துக்க வழி வெச்சுக்கிச்சு.

"நான் தப்பு எதுவும் பண்ணல, அரசாங்கம் பாத்தா பாத்துட்டுப் போகட்டுமே"ன்னு கேப்பாங்க. சேத்து வெச்ச டேட்டாவை அரசாங்கம் மட்டும்தான் பாக்கும்னு எவன் சொன்னான்? 2013ல அருண் ஜெட்லி, ராஜ்யசபால அப்ப எதிர்க்கட்சித் தலைவர், அவரோட கால் ரெக்கார்டையே எவனோ எடுத்துட்டான், டெல்லி போலீஸ் கான்ஸ்டபிள் ஒருத்தர் கைதானார், பின்னாடி தனியார் டிடெக்டிவ் கும்பல். எதிர்க்கட்சித் தலைவர் கதியே அதுன்னா டைவர்ஸ் கேஸ்ல இருக்கிற ஒரு பொண்ணு, கடன் தகராறுல இருக்கிற ஒரு கடைக்காரர், இவங்க ரெக்கார்டை எடுக்க எவ்ளோ செலவாகும்னு யோசிங்க.

அப்புறம் "என்ன பேசினேன்னு தெரியாதுல்ல, எங்க போனேன்னு தானே தெரியும்"னு இன்னொரு சமாதானம். ஒருத்தர் போன்ல திங்கக்கிழமை ஒரு ஸ்கேன் சென்டர் சைட், புதன்கிழமை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் சைட், அன்னைக்கு ராத்திரியே இன்சூரன்ஸ் கம்பெனி சைட், அடுத்த நாள் நகைக் கடன் சைட். ஒரு பக்கம் கூட உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகணும்? ஜெர்மனில மால்டே ஸ்பிட்ஸ்னு ஒரு பசுமைக் கட்சி அரசியல்வாதி, டெலிகாம் கம்பெனி மேல கேஸ் போட்டு தன்னோட ஆறு மாச ரெக்கார்டை வாங்கி 2011ல பத்திரிகைல போட்டாரு, 35 ஆயிரம் வரிக்கு மேல, அதை மேப்ல ஓட விட்டாங்க, மனுஷன் எப்ப தூங்குறாரு, எந்த ட்ரெயின்ல போறாரு எல்லாம் அப்படியே தெரிஞ்சுது. ஐரோப்பால 6 மாசத்துல இருந்து 2 வருஷம் வரைக்கும் எல்லார் டேட்டாவையும் வெக்கணும்னு 2006ல போட்ட உத்தரவை 2014 ஏப்ரல்ல ஐரோப்பிய நீதிமன்றம் மொத்தமா ரத்து பண்ணிடுச்சு. நம்ம ஊர்ல அதே ரெண்டு வருஷம் ஒரு லைசன்ஸ் திருத்தத்துல வந்து உக்காந்துக்கிச்சு, பெருசா சத்தமே இல்ல.

இப்ப என்ன பண்ணலாம்னு வருவோம்.

காசே செலவில்லாம முதல்ல செய்ய வேண்டியது டி.என்.எஸ்ஸை மாத்துறது. நீங்க ஒரு சைட் பேரை அடிச்சா அந்தப் பேருக்கு என்ன ஐ.பின்னு உங்க போன் யார்கிட்டயாவது கேக்கணும், நீங்க ஒண்ணும் மாத்தலன்னா அது உங்க நெட் கம்பெனிகிட்டயே கேக்கும், அதுவும் யார் வேணா படிக்கிற மாதிரி. ஆண்ட்ராய்டு 9க்கு மேல எந்த போனா இருந்தாலும் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பக்கம் போனா பிரைவேட் டி.என்.எஸ்னு ஒண்ணு இருக்கும் (சில போன்ல உள்ள ஒளிஞ்சிருக்கும், மேல சர்ச்ல டைப் பண்ணித் தேடுங்க), அதுல கடைசி ஆப்ஷன்ல இங்கிலீஷ்ல ஒன்ங்கற வார்த்தைய நாலு தடவை, நடுவுல நடுவுல புள்ளி வெச்சு அடிச்சா, இனிமே கிளவுட்ஃப்ளேர்ங்கற அமெரிக்கக் கம்பெனிகிட்ட பூட்டுப் போட்டுக் கேக்கும். வேணாம், அமெரிக்கக் கம்பெனி பிடிக்கலன்னா குவாட்9, அது சுவிட்சர்லாந்துக்குக் குடிபோன லாப நோக்கமில்லாத அமைப்பு. கம்ப்யூட்டர்ல ஃபயர்ஃபாக்ஸ் இருந்தா பிரைவசி செட்டிங்ஸ்ல டி.என்.எஸ் ஓவர் எச்.டி.டி.பி.எஸ்னு தேடி மேக்ஸ் புரொடெக்ஷன் வெச்சிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. சில ஹோட்டல், ரயில்வே ஸ்டேஷன் வைஃபைல லாகின் பேஜ் வராது, அப்ப மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கோங்க.

இதோட முடிஞ்சுதான்னா இல்ல. பூட்டுப் படம் போட்ட எச்.டி.டி.பி.எஸ் சைட் எல்லாம் கவர் ஒட்டின லெட்டர் மாதிரி, உள்ள எழுதினது தெரியாது, மேல அட்ரஸ் தெரியும். கனெக்ஷன் ஆரம்பிக்கும்போதே உங்க பிரவுசர் "நான் இன்ன சைட்டுக்கு வந்திருக்கேன்"னு பேரை வெளிப்படையா சொல்லும், எஸ்.என்.ஐன்னு பேரு. நெட் கம்பெனி அதைப் படிக்குமான்னு சந்தேகமே வேணாம், ஜியோ சைட்டுகளை பிளாக் பண்றதே அந்த எஸ்.என்.ஐயைப் பாத்துத்தான்னு 2020லயே ஆராய்ச்சியாளர்கள் டெஸ்ட் பண்ணிக் காட்டிட்டாங்க. அதை மறைக்க ஈ.சி.எச்னு ஒரு டெக்னிக் வந்திருக்கு, 2023ல இருந்து குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டுலயும் இருக்கு, ஆனா சைட்டுக்காரனும் அந்தப் பக்கம் ஆன் பண்ணியிருக்கணும், எல்லாரும் பண்றதில்ல. அதுவும் போக, போய்ச் சேந்த ஐ.பி எப்படியும் ஐ.பி.டி.ஆர்ல விழுந்துடும். அதையும் மறைக்கணும்னா தான் வி.பி.என்.

வி.பி.என்ல என்ன நடக்குதுன்னா, உங்க நெட் கம்பெனி லாக்ல நாள் முழுக்க ஒரே ஒரு ஐ.பி தான் விழும், அந்த வி.பி.என் சர்வரோடது. எப்ப கனெக்ட் பண்ணீங்க, எவ்ளோ டேட்டா, எந்த டவர், அது எல்லாம் அப்பவும் தெரியும். அதைத் தாண்டி எங்க போனீங்கங்கறது வி.பி.என்காரனுக்குத் தெரியும். அதாவது லாக் அழியல, இடம் மாறிடுச்சு, நம்மூர் கம்பெனிகிட்ட இருந்ததை வேற ஒருத்தன் கைல குடுத்திருக்கீங்க. அவன் யாரு, எந்த நாட்டுல இருக்கான், எழுதி வெக்கிறானா இல்லையா, கேள்வி இவ்ளோதான்.

இதுல தான் அந்த 5 வருஷ ரூல் வருது. 2022 ஏப்ரல் 28 அன்னைக்கு செர்ட்-இன் உத்தரவு போட்டுச்சு. வி.பி.என், கிளவுட், டேட்டா சென்டர் நடத்துறவங்க கஸ்டமரோட சரிபாத்த பேரு, அட்ரஸ், போன் நம்பர், ஈமெயில், குடுத்த ஐ.பி, எதுக்காக எடுத்தாங்கங்கற காரணம், எல்லாத்தையும் கஸ்டமர் கழண்டுக்கிட்ட பிறகும் 5 வருஷம் வெக்கணும், சிஸ்டம் லாக் 180 நாளைக்கு வெக்கணும். நல்லாப் பாருங்க, நீங்க பாத்த சைட் லிஸ்ட்டை 5 வருஷம் வெக்கச் சொல்லல, நீங்க யாருங்கறதைத்தான் வெக்கச் சொன்னாங்க. ஆனா யாருன்னும் எந்த ஐ.பின்னும் தெரிஞ்சா மிச்சத்தைக் கோத்துக்கலாம். அப்ப மத்திய இணையமைச்சரா இருந்த ராஜீவ் சந்திரசேகர், ரூல் பிடிக்கலன்னா நாட்டை விட்டுக் கிளம்பலாம்ங்கற மாதிரி சொல்ல, நிஜமாவே கிளம்பிட்டாங்க. ஜூன்ல எக்ஸ்பிரஸ்வி.பி.என் முதல்ல, அப்புறம் சர்ஃப்ஷார்க், நார்ட், செப்டம்பர்ல புரோட்டான்னு வரிசையா இந்திய சர்வரை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப ஆப்ல "இந்தியா"ன்னு ஒரு லொகேஷன் தெரிஞ்சா பெரும்பாலும் சர்வர் பெட்டி சிங்கப்பூர்லயோ லண்டன்லயோ இருக்கும், ஐ.பி மட்டும் இந்திய ஐ.பி.

இந்தியால வி.பி.என் சட்டவிரோதமான்னு பயப்பட வேணாம், இல்ல. ஜம்மு காஷ்மீர்ல சில மாவட்டத்துல அப்பப்ப தடை உத்தரவு போடுவாங்க, அங்க போறதா இருந்தா பாத்துக்கோங்க. 2025 ஜனவரில ஆப்பிள், கூகுள் ஸ்டோர்ல இருந்து சில வி.பி.என் ஆப்பை இந்தியாக்கு மட்டும் தூக்க வெச்சாங்க, கிளவுட்ஃப்ளேரோட 1.1.1.1 ஆப் கூட அதுல போச்சு. ஆட்சில இருக்கிறவங்களுக்கு வி.பி.என் தேவையில்லன்னு நினைக்காதீங்க, 2022 ஏப்ரல்ல இலங்கைல சோஷியல் மீடியாவை முடக்கினப்ப அமைச்சரா இருந்த நாமல் ராஜபக்சவே "நான் இப்ப வி.பி.என்ல தான் இருக்கேன், இந்தத் தடையால ஒரு பிரயோஜனமும் இல்ல"ங்கற கணக்கா ட்வீட் போட்டாரு, சொந்தக் குடும்பத்து ஆட்சில.

எதை வாங்குறது? "நோ லாக்ஸ்", அதாவது எதையும் எழுதி வெக்க மாட்டோம்னு எல்லாரும் தான் போர்டு வெக்கிறான். பியூர்வி.பி.என் அப்படிச் சொல்லிக்கிட்டே 2017ல ஒரு கேஸ்ல எஃப்.பி.ஐக்கு ஆளைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு ரெக்கார்ட் குடுத்துச்சு. அதனால விளம்பரத்தைப் பாக்காதீங்க, போலீஸ் கதவைத் தட்டினப்ப என்ன ஆச்சுன்னு பாருங்க. துருக்கில ரஷ்யத் தூதரைச் சுட்ட கேஸ்ல எக்ஸ்பிரஸ்வி.பி.என் சர்வரையே தூக்கிட்டுப் போனாங்க, உள்ள ஒண்ணும் கிடைக்கல. 2023 ஏப்ரல்ல சுவீடன் போலீஸ் முல்வாட்ங்கற வி.பி.என் கம்பெனி ஆபீசுக்கு வாரண்ட்டோட போய் வெறுங்கையோட திரும்புச்சு, எடுக்குறதுக்கு அங்க கஸ்டமர் டேட்டான்னு ஒண்ணும் இல்ல. முல்வாட்ல ஈமெயில் கூட கேக்க மாட்டான், ஒரு 16 இலக்க நம்பர் குடுப்பான் அதான் அக்கவுன்ட், மாசம் 5 யூரோ, வேணும்னா கவர்ல கேஷ் போட்டு போஸ்ட்ல அனுப்பலாம். நம்ம கார்டுல கட்டினா பேங்க் ஸ்டேட்மென்ட்ல பேரு வரும், அது வி.பி.என் வாங்கினதைக் காட்டும், அதுல என்ன பாத்தீங்கன்னு காட்டாது, பெரும்பாலானவங்களுக்கு அது பரவாயில்ல. காசு குடுக்க முடியலன்னா புரோட்டானோட ஃப்ரீ பிளான். 2021ல புரோட்டான் மெயில் சுவிஸ் அதிகாரிங்க வழியா வந்த உத்தரவுக்கு ஒரு பிரெஞ்சு ஆக்டிவிஸ்ட்டோட ஐ.பியக் குடுத்துடுச்சு, ஆனா அது மெயில் சர்வீஸ், வி.பி.என்னுக்கு அங்க சட்டம் வேற. எந்த நாடா இருந்தாலும் அந்த நாட்டுச் சட்டத்துக்கு மேல எவனும் இல்லங்கறது மட்டும் மனசுல இருக்கட்டும்.

பேரு தெரியாத ஃப்ரீ வி.பி.என் மட்டும் வேணவே வேணாம். ஒனாவோன்னு ஒரு ஆப் "உங்க டேட்டாவைப் பாதுகாக்குறோம்"னு சொல்லி வந்துச்சு, ஓனர் ஃபேஸ்புக், எந்த ஆப்பை எவ்ளோ நேரம் யூஸ் பண்றீங்கன்னு எல்லாம் அங்க போச்சு. ஆஸ்திரேலியக் கோர்ட் 2023ல அதுக்கு 2 கோடி டாலர், அவங்க ஊர் டாலர்ல, அபராதம் போட்டுச்சு.

வாங்கினதும் செய்ய வேண்டியது ஒண்ணு, ஆண்ட்ராய்டு வி.பி.என் செட்டிங்ஸ்ல ஆல்வேஸ் ஆன், கூடவே வி.பி.என் இல்லாம கனெக்ஷன் போகாம பிளாக் பண்ற ஆப்ஷன், ரெண்டும் ஆன் பண்ணணும். இல்லன்னா லிஃப்ட்ல போய்ட்டு வர்ற நேரத்துல வி.பி.என் விட்டுப் போயி, வாட்ஸ்அப்ல இருந்து மெயில் வரைக்கும் எல்லாம் நேரா வெளிய ஓடி வந்துடும், நீங்க கவனிக்கக் கூட மாட்டீங்க. சென்னைல இருந்து சிங்கப்பூர் சர்வர் போடுங்க, 2002லயே கடலுக்கடியில நேரா கேபிள் போட்டுட்டாங்க, ஸ்பீடு அடி வாங்காது. அமெரிக்க சர்வர் போட்டுட்டு நெட் ஸ்லோன்னு திட்டுறவங்க தான் ஜாஸ்தி. பேங்க் ஆப், யு.பி.ஐ சிலது வி.பி.என்ல முரண்டு பிடிக்கும், அதை மட்டும் ஸ்ப்ளிட் டனலிங்ல (சில ஆப்பை மட்டும் வி.பி.என் வழியா போகாம விடுற செட்டிங்) வெளில விட்டுடுங்க, அதுல எப்படியும் நீங்க யாருன்னு பேங்குக்குத் தெரியும், மறைக்க ஒண்ணும் இல்ல.

இவ்ளோவும் பண்ணிட்டு குரோம்ல கூகுள் அக்கவுன்ட் லாகின்ல இருந்துக்கிட்டே தேடினீங்கன்னா அந்த லிஸ்ட் கூகுள்ல உங்க பேர்ல, உங்க போன் நம்பர்ல ஏறிக்கிட்டு இருக்கும். கூகுள்கிட்ட யூசர் டேட்டா கேக்குற நாடுகள் வரிசைல இந்தியா எப்பவும் மேலதான் இருக்கு. அதனால தனிப்பட்ட விஷயத்துக்கு லாகின் எதுவும் இல்லாத தனி பிரவுசர் வெச்சுக்கோங்க, கூகுள் அக்கவுன்ட்ல வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டிய 3 மாசத்துல தானா அழியற மாதிரி வெச்சிடுங்க. வாட்ஸ்அப் கால் ரெண்டு போனுக்கும் நேரா கனெக்ட் ஆகும்போது எதிர் ஆளோட ஐ.பி லாக்ல விழும், யார் யார்கிட்ட பேசினாங்கன்னு போலீஸ் ஐ.பி.டி.ஆரை வெச்சுக் கோக்குறது இப்படித்தான். வாட்ஸ்அப் பிரைவசில அட்வான்ஸ்டு உள்ள கால்ல ஐ.பிய மறைக்கிற ஆப்ஷன் 2023ல இருந்து இருக்கு, ஆன் பண்ணுங்க, கால் குவாலிட்டி ஒரு பொடி குறையும்.

நீங்க ரிப்போர்ட்டரா இருந்து ஒரு சோர்ஸைக் காப்பாத்தணும்னா வி.பி.என் பத்தாது, டோர் பிரவுசர் தான். மூணு சர்வர் தாண்டிப் போகும், நீங்க யாரு, எங்க போறீங்க ரெண்டும் சேர்த்து ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா டோர் யூஸ் பண்றீங்கங்கறது நெட் கம்பெனிக்குத் தெரியும். 2013 டிசம்பர்ல ஹார்வர்ட்ல ஒரு பையன் பரீட்சையத் தள்ளிப்போட பாம் இருக்குன்னு டோர் வழியா மெயில் அனுப்பினான், டோரை யாரும் உடைக்கல, அந்த நேரத்துல காலேஜ் வைஃபைல டோர் யூஸ் பண்ணது யாருன்னு லாக்கைப் பாத்தாங்க, போய்க் கேட்டாங்க, ஒத்துக்கிட்டான். அதைத் தவிர்க்க பிரிட்ஜ், ஸ்னோஃப்ளேக்னு டோர்லயே ஆப்ஷன் இருக்கு. ஸ்லோவா இருக்கும், வீடியோ பாக்க இது ஆகாது.

பிரவுசிங் சென்டர் போய்ப் பாத்தா தெரியாதுல்லன்னு ஒருத்தர் தனியா மெசேஜ்ல கேட்டிருந்தாரு. 2011 ரூல்படி ஐ.டி கார்டு காட்டி ரிஜிஸ்டர்ல எழுதணும், அந்த ரெக்கார்டும் பாத்த சைட் ஹிஸ்டரியும் ஒரு வருஷம் வெக்கணும், கம்ப்யூட்டருக்கு நடுவுல வெக்கிற தடுப்பு கூட நாலரை அடிக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அளவு போட்டே எழுதி வெச்சிருக்காங்க. வீட்டுலயே இருங்க. ரயில்வே ஸ்டேஷன் ஃப்ரீ வைஃபையும் ஓ.டி.பி வாங்கிட்டுத்தான் உள்ள விடும், உங்க போன் நம்பரோட ஒட்டினது அது.

கடைசியா ஒண்ணு, "ஆபீஸ் லேப்டாப்ல ஏற்கெனவே வி.பி.என் இருக்கு, அது போதாதா"ன்னும் அந்தத் தம்பி கேட்டிருந்தாரு. ஆபீஸ் வி.பி.என்னுக்கு அந்த 5 வருஷ ரூல் கிடையாது, கம்பெனிகளோட சொந்த வி.பி.என்னுக்கு இல்லன்னு செர்ட்-இன்னே விளக்கம் குடுத்துடுச்சு. ஆனா அது உங்களை மறைக்கப் போட்டது இல்ல, எல்லாத்தையும் கம்பெனி சர்வர் வழியா இழுக்கிறதுக்குப் போட்டது, நீங்க மதியம் வேற வேலை தேடுற சைட்டைத் திறந்தா அரசாங்கத்துக்கு முன்னாடி உங்க ஐ.டி டீமுக்குத் தெரியும். அதுக்கு சொந்த போன், சொந்த டேட்டா யூஸ் பண்ணுங்க.